சி.ஏ. 125 சரியாக இருந்தால் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று பொருளா?

கேள்வி: எனக்கு வயது 26. பதினான்கு வயதிலிருந்தே மாதவிடாயின் முதல் இரண்டு நாட்களும் எழுந்து நடமாட முடியாத அளவுக்கு வலி இருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளாக அந்த நாட்களில் மலம் கழிக்கும்போதும் கடுமையாக வலிக்கிறது. என் அக்கா இதே போன்ற வலியோடு ஒன்பது ஆண்டுகள் அலைந்த பிறகு, லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் அறுவை) செய்தபோதுதான் எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்தது. எனக்கும் அதுவாக இருக்குமோ என்று கேட்டபோது சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். அளவு 21 என்று வந்தது. வயிற்று ஸ்கேனும் சரியாக இருந்ததால், நோய் எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது சரிதானா? உமிழ்நீரிலேயே இந்த நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று படித்தேன், அதை நம்பலாமா? இத்தனை ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் ஏன் ஓர் எளிய பரிசோதனை இல்லை? ஓர் ஆய்வுக் குழுவினர் என்னிடம் ரத்தமும் மாதவிடாய் ரத்தமும் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

பதில்: வணக்கம். உங்கள் முதல் கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சை அந்த இடத்தில்தான் தடைப்பட்டு நிற்கிறது. சி.ஏ. 125 அளவு 21 என்று வந்திருப்பது, உங்களுக்கு எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய், இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளும் அக்காவின் நோய் வரலாறும் சேர்ந்து, அந்த ஓர் எண்ணைவிடப் பல மடங்கு அதிகமாகப் பேசுகின்றன.

சி.ஏ. 125 என்பது ரத்தத்தில் அளக்கப்படும் ஒரு புரதம்; அது எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். 1981இல் அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் சினைப்பைப் புற்றுநோய்ச் செல்களை அடையாளம் காண்பதற்காக உருவாக்கிய ஓர் ஆன்டிபாடியின் வழியாக இந்தப் புரதம் அறியப்பட்டது. இன்றும் ஆய்வக அறிக்கைகளில் அச்சிடப்படும் 35 என்ற வரம்பு, அந்தப் புற்றுநோயை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டதுதான். வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வு எந்தக் காரணத்தால் உறுத்தப்பட்டாலும் இந்தப் புரதம் ரத்தத்தில் கூடும்: மாதவிடாய் நாட்களில் கூடும், கருவுற்ற தொடக்க வாரங்களில் கூடும், கருப்பை நார்க்கட்டியிலும், இடுப்பறைத் தொற்றிலும், வயிற்றுக் காசநோயிலும் கூடும். எண்டோமெட்ரியோசிஸிலும் கூடும்தான்; ஆனால் பெரும்பாலும் நோய் முற்றிய பிறகு. 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 30 என்பதை வரம்பாக வைத்து, அறிகுறிகள் உள்ள பெண்களிடையே இந்தப் பரிசோதனை எப்படிச் செயல்படுகிறது என்று கணக்கிட்டது. நோய் இல்லாத நூறு பேரில் 93 பேரை அது சரியாகவே விலக்கியது. நோய் உள்ள நூறு பேரில் 52 பேரை மட்டுமே அது கண்டுபிடித்தது. மீதமுள்ள 48 பேரின் கையிலும் உங்கள் கையில் இருப்பதைப் போன்ற ஓர் அறிக்கைதான் இருந்திருக்கும். அளவு உயர்ந்திருந்தால் சந்தேகம் வலுப்படுகிறது. உயராமல் இருந்தால் எதுவும் தெரியவில்லை என்பதே அதன் பொருள். இந்தப் பரிசோதனையை எடுத்து, அதன் முடிவைக் காட்டி ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது தவறு என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். இதே அறிக்கையோடு, பல ஆண்டுகள் கழித்து, ஒட்டிப்போன குடலோடு என்னிடம் வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, ஏன் ஓர் எளிய பரிசோதனை இல்லை என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். இது கோபத்தோடு கேட்கப்பட வேண்டிய கேள்விதான். இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரை, அதாவது உலக அளவில் சுமார் 19 கோடிப் பேரை, இந்த நோய் பாதிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் உறுதியாகும் வரை 4 முதல் 12 ஆண்டுகள் கழிகின்றன என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன; உங்கள் அக்காவின் ஒன்பது ஆண்டுகள் விதிவிலக்கு அல்ல. இவ்வளவு பரவலான ஒரு நோய்க்கு மூலக்கூறு அடையாளத்தைத் தேடாமல் யாரும் இருந்துவிடவில்லை. அதுவரை வெளியான ஆய்வுகளைத் திரட்டி 2016இல் காக்ரேன் என்ற மருத்துவச் சான்று மதிப்பீட்டு அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, ரத்தத்தில் மட்டும் 122 அடையாளங்களை எடுத்துக்கொண்டது. அதில் 141 ஆய்வுகளும் 15,141 பெண்களும் அடங்கியிருந்தனர். அந்த 122இல் ஒன்றுகூட, ஆய்வுக்கு வெளியே வழக்கமான மருத்துவத்தில் பயன்படுத்தப் போதுமானது என்று தேறவில்லை.

ஏன் தேறவில்லை என்பதை நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அடுத்த முறை ஒரு புதிய பரிசோதனையைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது அதை நீங்களே எடைபோட இது உதவும். முதலாவதாக, இந்த நோயில் உடலுக்கு அந்நியமான பொருள் எதுவும் இல்லை. கிருமி இருந்தால் கிருமியின் மரபணுவைத் தேடலாம். இங்கே கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு, இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அது சுரக்கும் புரதங்களையே கருப்பையின் உட்படலமும் மாதந்தோறும் சுரக்கிறது. சினைப்பையிலோ குடல் மேலோ ஒட்டியிருக்கும் சில மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு புள்ளியின் சமிக்ஞை, மாதச் சுழற்சியின் ஏற்ற இறக்கத்தில் கரைந்துபோகிறது. அதே பெண்ணிடம் சுழற்சியின் 3ஆம் நாள் எடுத்த ரத்தமும் 21ஆம் நாள் எடுத்த ரத்தமும் வேறு வேறு கதை சொல்லும். அவர் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் இன்னொரு கதை. இன்டர்லூகின் 6 போன்ற அழற்சிப் புரதங்களை நாடினாலோ, அவை சாதாரணச் சளிக்காய்ச்சலிலும் உயர்கின்றன.

இரண்டாவதாக, எண்டோமெட்ரியோசிஸ் என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று உருவங்கள் இருக்கின்றன: வயிற்று உட்சவ்வின் மேல் தெளித்தாற்போல் இருப்பது, சினைப்பையில் சாக்லேட் கட்டியாகத் திரள்வது, மலக்குடல், சிறுநீர்ப்பை போன்ற உறுப்புகளின் சுவருக்குள் ஆழமாக இறங்குவது. நோயின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பது நெடுநாளாக அறியப்பட்டது. சில புள்ளிகளே உள்ள பெண் வலியால் துடிப்பதும், பெரிய கட்டி உள்ள பெண் வலியே அறியாமல் இருப்பதும் உண்டு. இந்த மூன்றையும் ஒரே குவியலாகக் கலந்து ஓர் அடையாளம் தேடினால், சாக்லேட் கட்டியில் உயரும் புரதம் ஒன்று கிடைக்கும்; ஆனால் அது ஸ்கேனிலேயே தெரிந்துவிடுகிற நோய். கண்ணுக்குத் தெரியாத மேலோட்டமான நோய்க்குத்தான் பரிசோதனை தேவை. அங்கேதான் அடையாளங்கள் கைவிடுகின்றன.

மூன்றாவது காரணத்தை நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன்: யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்பது. பல ஆய்வுகள் நோய் முற்றிய பெண்களை ஒரு பக்கமும், வலியே அறியாத ஆரோக்கியமான பெண்களை மறுபக்கமும் நிறுத்தி வேறுபாட்டைத் தேடின. அப்படித் தேடினால் வேறுபாடு கிடைக்கத்தான் செய்யும். ஆனால் மருத்துவரின் முன்னே வந்து உட்காருபவர் வலியோடு வருகிறார். அந்த வலி எண்டோமெட்ரியோசிஸால் வந்ததா, அடினோமயோசிஸால் (உட்படலத் திசு கருப்பையின் தசைச் சுவருக்குள் வளர்வதால்) வந்ததா, குடலின் கோளாறால் வந்ததா என்பதே அங்கே கேள்வி. ஒப்பீட்டுக் குழுவிலும் வலியுள்ள பெண்கள் இருந்தால்தான் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. யாருக்கு நோய் உண்டு, யாருக்கு இல்லை என்பதை லேப்ராஸ்கோப்பியை வைத்தே முடிவு செய்கிறோம். அனுபவமுள்ள கண்ணும் சில புள்ளிகளைத் தவறவிடும், சில வடுக்களை நோய் என்று எண்ணிவிடும். அளவுகோலே சற்று வளைந்திருக்கும்போது, அதை வைத்து அளக்கப்படும் எந்தப் புதிய பரிசோதனையும் நேராகத் தெரியாது.

மாதிரியை எடுத்து வைக்கும் முறைகூட முடிவை மாற்றிவிடும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பவை மரபணுக்களின் செயல்பாட்டை அடக்கியும் தளர்த்தியும் ஒழுங்குபடுத்தும் மிகச் சிறிய மூலக்கூறுகள். அவை ரத்தத்திலும் உமிழ்நீரிலும் நிலையாக இருப்பதால் ஆய்வாளர்கள் அவற்றின் மேல் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். 2020இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழுவினர் ரத்தத்திலிருந்து ஆறு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைக் கொண்ட ஒரு தொகுப்பை முன்வைத்தனர். நல்ல ஆய்வு அது. அந்த ஆறில் ஒன்று மி.ஆர். 451ஏ. இது சிவப்பணுக்களுக்குள் ஏராளமாக இருப்பது. ரத்தம் எடுக்கும்போதோ எடுத்துச் செல்லும்போதோ சிவப்பணுக்கள் உடைந்தால் இதன் அளவு தானாகவே ஏறிவிடும். ஆகவே உயர்ந்த அளவைக் காணும்போது, அது நோயின் குரலா, அவசரமாகக் கையாளப்பட்ட ஒரு குழாயின் குரலா என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. ரத்தம், சிறுநீர், திசு ஆகியவற்றை எப்போது, எப்படி எடுத்து எவ்வளவு நேரத்துக்குள் உறைய வைக்க வேண்டும் என்பதற்கு உலக எண்டோமெட்ரியோசிஸ் ஆராய்ச்சி அறக்கட்டளை 2014இல் பொதுவான நெறிமுறைகளை வெளியிட்டதற்குக் காரணம் இதுதான். அதற்கு முந்தைய முடிவுகள் பல ஒன்றோடொன்று முரண்பட்டு நின்றதில் வியப்பில்லை.

உமிழ்நீர்ப் பரிசோதனை இந்தப் பின்னணியில்தான் வருகிறது. பிரான்சில் உருவான எண்டோடெஸ்ட் என்ற பரிசோதனை, உமிழ்நீரிலுள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை வரிசைப்படுத்தி, கணினிக் கற்றல் முறையால் அவற்றிலிருந்து 109ஐத் தேர்ந்தெடுத்து, அவற்றின் ஒட்டுமொத்தக் கோலத்தை நோயின் கையொப்பமாகக் கொள்கிறது. 2022இல் வெளியான முதல் ஆய்வில் 200 பெண்கள் இருந்தனர். 2023இல் வேறு 200 பெண்களைக் கொண்டு செய்யப்பட்ட இடைக்காலச் சரிபார்ப்பில், நோய் உள்ளவர்களில் சுமார் 96 விழுக்காட்டினரை அது கண்டுபிடித்தது, நோய் இல்லாதவர்களில் சுமார் 95 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. சி.ஏ. 125ஐப் பல ஆண்டுகள் பார்த்துச் சோர்ந்துபோன எனக்கு அந்த எண்களைப் படித்தபோது உண்மையாகவே மகிழ்ச்சி உண்டாயிற்று.

ஆனாலும் அந்த எண்களை அப்படியே உங்கள் மேல் பொருத்த முடியாது. முதல் ஆய்வில் பங்கேற்ற 200 பேரில் 153 பேருக்கு, அதாவது 76.5 விழுக்காட்டினருக்கு, நோய் இருந்தது. நோய் இருக்கும் என்று ஏற்கெனவே வலுவாகச் சந்தேகிக்கப்பட்ட பெண்கள் அவர்கள். அத்தகைய ஆயிரம் பெண்களை எடுத்துக்கொண்டால் 765 பேருக்கு நோய் இருக்கும். அவர்களில் 734 பேருக்குப் பரிசோதனை நோய் உண்டு என்று சொல்லும். நோயில்லாத 235 பேரில் 12 பேருக்கு மட்டும் தவறாக அப்படிச் சொல்லும். உண்டு என்று வந்தால் நம்பலாம். இல்லை என்று வந்தாலோ, அப்படி வருகிற 254 பேரில் 31 பேருக்கு, அதாவது எட்டில் ஒருவருக்கு, நோய் இருந்தே தீரும். இதே பரிசோதனையை, வலி இருக்கிறதா இல்லையா என்று பாராமல், பத்தில் ஒருவருக்கே நோய் உள்ள பொதுமக்களில் ஆயிரம் பேருக்குச் செய்தால் கணக்கு தலைகீழாகிறது: 96 பேருக்குச் சரியாகவும் 45 பேருக்குத் தவறாகவும் நோய் உண்டு என்று வரும், அப்படி உண்டு என்று வந்தவர்களில் மூன்றில் ஒருவர் வீணாக அஞ்ச நேரிடும். ஒரே பரிசோதனை, ஒரே துல்லியம். யாருக்குச் செய்கிறோம் என்பதில் மட்டுமே மாற்றம். பிரான்சின் உயர் சுகாதார ஆணையம் 2024 ஜனவரியில் இதை நம்பிக்கை தரும் புதுமை என்று ஏற்றுக்கொண்டபோதும், மேலும் சான்றுகளைத் திரட்டும் நிபந்தனையோடுதான் இடமளித்தது. அந்த நிதானம் சரியானது என்பதே என் கருத்து.

உங்களைப் பொறுத்தவரை, நீங்கள் அந்த முதல் கூட்டத்தைச் சேர்ந்தவர். நெடுநாள் மாதவிடாய் வலி, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது வலி, உடன்பிறந்தவருக்கு உறுதியான நோய் ஆகிய மூன்றும் சேரும்போது நோய்க்கான வாய்ப்பு முன்னரே மிக அதிகம். உமிழ்நீர்ப் பரிசோதனையில் உண்டு என்று வந்தால், நாங்கள் இன்றே தொடங்கியிருக்க வேண்டிய சிகிச்சையைத் தொடங்குவோம். இல்லை என்று வந்தால், எட்டில் ஒரு பங்கு ஐயமும் உங்கள் வலியும் அப்படியே இருக்கும்; அப்போதும் அதே சிகிச்சையைத்தான் தொடங்குவோம். எந்த விடை வந்தாலும் செய்யப்போவது ஒன்றே என்றால், அந்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம். மருத்துவரின் பொறுப்பில் அல்லாமல் நேரடியாக விற்கப்படும், சரிபார்ப்பு ஆய்வு எதுவும் வெளியிடாத ‘மூலக்கூறுப் பரிசோதனை’ எதையும் தயவுசெய்து வாங்காதீர்கள்.

அக்காவுக்கு இருப்பதால் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்ற எண்ணமும் உங்களுக்கு வரக்கூடும். இரட்டையர் ஆய்வுகளின்படி, இந்த நோய்க்கான வாய்ப்பில் ஏறத்தாழ பாதி மரபுவழி வருவதே. 2023இல் வெளியான மிகப் பெரிய ஆய்வு ஒன்று நோயுள்ள 60,674 பெண்களின் மரபணுக்களை ஆராய்ந்து, தொடர்புடைய 42 இடங்களை அடையாளம் கண்டது. ஆனால் ஒவ்வோர் இடமும் வாய்ப்பைச் சிறிதளவே கூட்டுகிறது. எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு தனிப் பெண்ணுக்கு உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. ஒற்றைத் தலைவலி போன்ற நெடுநாள் வலிகளோடும் இந்த நோய்க்குப் பொதுவான மரபணு வேர் இருக்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. வலிக்கான காரணத்தைப் புரிந்துகொள்ள அது பெரிய உதவி, நோயைக் கண்டறிய இன்னும் உதவி இல்லை.

மாதவிடாய் ரத்தத்தைக் கேட்கும் ஆய்வுக் குழுவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கொடுக்கலாம்; முறையான நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற ஆய்வு என்றால் மகிழ்ச்சியோடு கொடுங்கள். இப்போது நடக்கும் தேடல்களில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது இந்த வழிதான். மாதவிடாய் ரத்தம் சினைக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் சென்று, அதிலுள்ள திசு அங்கே ஒட்டி வளர்கிறது என்ற விளக்கத்தை ஜான் சாம்ப்சன் 1920களிலேயே முன்வைத்தார். பிற்பாடு பார்த்தபோது, மாதவிடாய் வருகிற பெரும்பாலான பெண்களிடம் அப்படிப் பின்னோக்கிச் செல்வது தெரியவந்தது. அப்படியானால் எல்லாரிடமும் செல்லும் திசு சிலரிடம் மட்டும் ஏன் ஒட்டி வளர்கிறது? விடை அந்தத் திசுவிலேயே இருக்கலாம் அல்லவா? நியூயார்க்கின் ஃபைன்ஸ்டைன் ஆய்வு நிறுவனத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நோயுள்ள பெண்களின் மாதவிடாய் ரத்தத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்கள், கருவை ஏற்கத் தயாராகும் மாற்றத்தை ஹார்மோன் தூண்டுதலின்போது சரிவரச் செய்யவில்லை என்று கண்டார்கள். கருப்பைக்கே உரிய ஒருவகைப் பாதுகாப்புச் செல்களும் குறைவாக இருந்தன. ரத்தத்தில் எங்கோ கரைந்த எதிரொலியைத் தேடுவதற்குப் பதிலாக, நோயின் ஊற்றுக்கண் என்று கருதப்படும் திசுவையே, கத்தியும் ஊசியும் இன்றி, மாதந்தோறும் கையில் பெற முடிகிறது. ஒரு நூற்றாண்டாக அதைக் கழிவு என்று ஒதுக்கிவந்தோம் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மாதிரி கொடுக்கும்போது, உங்கள் சுழற்சி நாள், நீங்கள் எடுக்கும் மாத்திரைகள், வலியின் தன்மை ஆகியவற்றைக் குழுவினர் பதிவு செய்கிறார்களா என்று கேளுங்கள். பதிவு செய்யாத ஆய்வுக்கு உங்கள் மாதிரி பெரிதாகப் பயன்படாது. ஆய்வின் முடிவு உங்கள் சிகிச்சைக்கு உடனே உதவும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆய்வில் சேர்வதற்காக வலிக்கான ஹார்மோன் மருந்தைத் தள்ளிப்போடச் சொன்னால், மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த நோயை உறுதிசெய்ய லேப்ராஸ்கோப்பியே பொன் அளவுகோல் என்ற பழைய நிலைப்பாட்டைக் கைவிட்டது. ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டாலும் அறிகுறிகளின் அடிப்படையில் மருந்தைத் தொடங்கலாம் என்கிறது. நோயைக் கண்டறிய ரத்தத்திலோ திசுவிலோ உள்ள அடையாளங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. வலி நிவாரணியோடு, நீங்கள் இப்போதைக்குக் கருத்தரிக்க விரும்பவில்லை என்றால், டைனோஜெஸ்ட் போன்ற புரோஜெஸ்டின் மாத்திரையோ கூட்டு ஹார்மோன் மாத்திரையோ உங்களுக்குப் பொருந்துமா என்று உங்கள் மகப்பேறு மருத்துவரோடு பேசுங்கள். ரத்தக் கட்டு, கல்லீரல் நோய், கண்முன் ஒளி மின்னுவது போன்ற முன்னறிகுறியோடு வரும் ஒற்றைத் தலைவலி போன்றவை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தில் வலி குறைவது நோய்க்கான சான்று ஆகாது, குறையாதது நோய் இல்லை என்பதற்கும் சான்று ஆகாது.

மலம் கழிக்கும்போது வரும் வலியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அது கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஆழமாக இறங்கிய நோயாக இருக்கலாம். வழக்கமான வயிற்று ஸ்கேனில் அது தெரியாது. இந்த நோயைத் தேடிப் பழகியவர் செய்யும் யோனிவழி அல்ட்ராசவுண்டில், அது வேண்டாமென்றால் இடுப்பறை எம்.ஆர்.ஐ.யில், பெரும்பாலும் தெரியும். மேலோட்டமான புள்ளிகள் அவற்றிலும் தப்பலாம். மருந்தில் வலி அடங்காவிட்டாலோ கருத்தரிப்பதில் தாமதம் இருந்தாலோ லேப்ராஸ்கோப்பியைப் பற்றி யோசிக்கலாம். அப்போது பார்ப்பதோடு நில்லாமல் அதே அமர்வில் நோயை அகற்றக்கூடிய அனுபவமுள்ள அறுவை மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் நாட்களில் மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம் வந்தாலோ, ஒரு பக்க விலாவுக்குக் கீழே வலி தொடர்ந்தாலோ தாமதிக்காமல் காட்டுங்கள். நோய் சிறுநீர்க் குழாயை நெருக்கினால் சிறுநீரகம் சத்தமின்றிக் கெடக்கூடும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, இரண்டு மூன்று மாதங்களுக்கு எந்த நாளில் எங்கே எவ்வளவு வலித்தது, எந்த வேலையைச் செய்ய முடியாமல் போனது என்று குறித்த தாளையும், அக்காவின் அறுவை அறிக்கை, திசுப் பரிசோதனை முடிவு ஆகியவற்றின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். குறிப்பு முடியட்டும் என்று மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த மாதக் குறிப்பு ஒன்றே போதும், அதோடு போய், குடலையும் சேர்த்துப் பார்க்கும் ஸ்கேனுக்கும் மருந்துக்கும் ஒரே நாளில் கேளுங்கள்.